சுற்றிப் பார்க்கப் போனவள்

...குதித்தால் ஆகாதாம். சும்மா ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று நடந்து வந்தால்கூடப் பேசிப் பார்க்கலாமாம், போட்டியில் கட்டை தாண்டிக் குதித்தால் அந்தப் பாலிசி எதற்கும் உதவாதாம், கை போனாலும் கால் போனாலும்... இல்லை, அப்படி அவன் சொல்லவில்லை, கவின் நல்ல பையன், "ஏதாச்சும் ஒண்ணுன்னா" என்று மட்டும்தான் சொன்னான், மீதியை மோகனப்பிரியாவின் மனசு தானாகவே போட்டு நிரப்பிக்கொண்டது, நிரப்பியதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள், நினைத்தாலே ஆகாது, அதுவும் கல்யாண மண்டபத்தில், பந்தியில், இலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் இருக்கும்போது... கவின் பாதியிலேயே இலையை மூடிவிட்டு, யாரிடமாவது கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். இவளால் அப்படி ஓட முடியாது. நாளைக் காலை முகூர்த்தம், மாப்பிள்ளையின் சித்தி பந்தியில் பாதியில் எழுந்தால் ஏனுங்க என்னாச்சுங்க என்று நாலு பேர் கூடுவார்கள், என்ன பதில் சொல்வது, என் மகள் இளவேனில் பெல்ஜியத்தில் இருக்கிறாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு வாடகைக் குதிரைமேல் ஏறி இடுப்பு உயரக் கட்டைகளைத் தாண்டப் போகிறாள், அவளுக்கு எடுத்த பயண இன்சூரன்ஸ் அதற்குச் செல்லாது, அது எனக்கு இப்போதுதான் தெரியும் என்றா? பரிமாறுகிறவர் குனிந்து, இன்னும் கொஞ்சம் பால் ஊத்தட்டுங்களா என்றார். ஊற்றுங்கள் என்றாள்.

எல்லாம் அந்தப் போட்டோவால் வந்தது. காலையில் இளவேனில் அனுப்பியது, கறுப்புத் தொப்பி, வெள்ளைக் காற்சட்டை, குதிரையின் நாலு காலும் தரையில் இல்லை, அடியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டை. பார்த்ததும் போனைக் கவிழ்த்துவிட்டாள், பிறகு எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள், எல்லாரும் வைக்கிறார்களே, மகள் பட்டம் வாங்கினால் வைக்கிறார்கள், மருமகளுக்கு வளைகாப்பு நடந்தால் வைக்கிறார்கள், இவளுக்கு வைக்க இருந்தது ஒரு பறக்கிற குதிரை. பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கவின் அதைக் காட்டித்தான் கேட்டான். "ஏனுங்கத்தை, பாப்பா சுத்திப் பாக்கத்தானுங்க போச்சு? நீங்க அப்படித்தானுங்க சொன்னீங்க?" குற்றம் சொல்கிற குரல் இல்லை, அண்ணன் மகன், அத்தையைக் குற்றம் சொல்ல மாட்டான், பயந்துபோன குரல். சொன்னேனா? சொன்னேன். ஒரு வார்த்தை மாறாமல் அப்படியேதான் சொன்னேன்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அது. விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்றதும் இளவேனில் தானே போனில் எடுத்துக்கொள்கிறேன் என்றாள், சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், அவளுக்கு அது ஐந்து நிமிஷ வேலை, இவள்தான் விடவில்லை, நம்ம ஊட்டுப் பையன் இதே தொழிலில் இருக்கும்போது வெளியில் எடுத்தால் அண்ணி என்ன நினைப்பாள், ஒரு பாலிசி எடுக்கக்கூட நம்மை நம்பவில்லை என்று நினைக்க மாட்டாளா... கவின் சாயங்காலம் வந்தான், அப்போதுதான் விளக்கேற்றியிருந்தாள், சாம்பிராணிப் புகை ஹாலைத் தாண்டவில்லை, அவன் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து வாசிக்க ஆரம்பித்தான், விபத்து நேர்ந்தால், எலும்பு முறிந்தால், உறுப்பு இழந்தால், உடலை ஊருக்குக் கொண்டுவர... அதோடு நிறுத்தினாள். ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தாத குறை. "வெளக்கு வெச்ச நேரத்துல அந்தப் பேச்செல்லாம் வேண்டாம் கண்ணு, நல்லதா ஒண்ணு பாத்துப் போட்டு உடு." அவனும் சிரித்துக்கொண்டு, சரிங்கத்தை, பாப்பா அங்க என்ன பண்ணப் போகுதுன்னு மட்டும் சொல்லுங்க என்றான். ஒரே ஒரு கேள்வி. குதிரை என்று வாய் வரை வந்தது, குதிரை என்றால் அடுத்தது குதிப்பதா என்பான், குதிப்பது என்றால் அடுத்தது அந்த வார்த்தைதான், அதற்கென்று தனியாக இன்னொரு பக்கம் இருக்கும், அதையும் சத்தமாக வாசிப்பான், என் வீட்டில், எரிகிற விளக்குக்கு முன்னால்... "சும்மா சுத்திப் பாத்துட்டு வருவா." தட்டினான், முடிந்தது. அவனுக்கு ராகி பக்கோடா வைத்துக் கொடுத்தாள்.

குதிரை ஏறுகிற விஷயம் அவனுக்குத் தெரியாதா என்றால் தெரியும், ஆனால் ஏதோ உடம்புக்கு நல்லது என்று காலையில் போய் நாலு சுற்று சுற்றிவிட்டு வருகிறாள் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லாரும் நினைத்திருந்தார்கள், நினைக்க வைத்தது யார்? கல்லூரியில் படிக்கும்போது தோழியோடு வேடிக்கை பார்க்கப் போனவள், கீரணத்தம் பக்கம் நிஜாம் என்கிறவர் நடத்துகிற லாயம், இப்போது பெல்ஜியத்துக்கும் அவர்தான் கூடப் போயிருக்கிறார், அன்றைக்கு ஏறியவள் இறங்கவே இல்லை, வேலைக்குப் போன பிறகும் விடியுமுன் போய்விடுவாள், வரும்போது உடம்பெல்லாம் லாயத்து வாசம். என்னடி செய்கிறாய் அங்கே என்று ஒருநாளாவது போய்ப் பார்த்தாளா? ஒருநாள் போனாள். ஒரே நாள். இளவேனில் கட்டையை நோக்கி வரும்போது கண்ணை மூடிக்கொண்டாள், குளம்புச் சத்தம் ஒரு நொடி நின்றது, திரும்பக் கேட்டது, கண்ணைத் திறந்தாள், மகள் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தாள், அம்மா பாத்தீங்களா என்றாள். பாத்தேன் கண்ணு என்றாள். அது முதல் பொய்யா, அதற்கு முன்னால் எத்தனையோ?

அந்த வார்த்தை. விழுவது. எழுதினால் நாலெழுத்து, வாயில் வராது, குழந்தை தொட்டிலிலிருந்து உருண்டபோதுகூட "கீழ வந்துட்டா" என்றுதான் சொன்னாள், கணவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும், அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் படித்த வயதில் ஒரு மழைநாள், அப்பா வால்பாறை எஸ்டேட்டுக்கு ஏதோ பம்புசெட்டு ரிப்பேர் பார்க்க பைக்கில் கிளம்பினார், வாசலில் நின்று இவள்தான் கத்தினாள், அப்பா, கொண்டை ஊசியில வழுக்கும், உழுந்துடாதீங்க. அன்றைக்கே பைக் சறுக்கியது. கால் எலும்பு முறிந்து, சேர்ந்து, சேர்ந்தது கோணலாகச் சேர்ந்தது. கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரைப் பார்த்துவிட்டு அம்மா இவள் பக்கம் திரும்பி, உன்ற வாயை வெச்சுட்டு சும்மா இருந்திருக்கக்கூடாதா என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள், அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை, அப்பா நடக்கும்போதெல்லாம் அந்தக் கால் சொன்னது. மழைதான் காரணம் என்று தெரியாதா? டயர் தேய்ந்திருந்தது என்று அப்பாவே சொல்லவில்லையா? தெரியும், எல்லாம் தெரியும், பி.காம் படித்தவள், தெரிந்தும் வாய் திறக்க வரவில்லை, என்ன செய்வது.

"மோகனா, இங்க வா, லோகுவுக்கு நகை போடோணும், ஐயர் கூப்புட்டுட்டே இருக்காரு" என்று ஓரகத்தி வள்ளியாத்தாள் மேடைப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். மாப்பிள்ளை பிரவின்குமாரின் அம்மா, நாலு நாளாகத் தூங்கவில்லை, குரலே கரகரத்துவிட்டது. வாரேனுங்க அக்கா என்று கை கழுவப் போனாள். இணைச்சீர் நேரம். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்த தங்கை இல்லை, சித்தப்பா மகள் இளவேனில்தான் பட்டுடுத்தி நகை பூட்டி அண்ணன் பக்கத்தில் உட்கார வேண்டியவள், தேதி குறித்தபோதே சொல்லி வைத்த விஷயம், அதற்குள் பெல்ஜியத்திலிருந்து போட்டிக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்துவிட்டது, அவள் இடத்தில் இப்போது பங்காளி வீட்டு லோகப்பிரியா உட்காருகிறாள். மருந்துக்குக்கூட யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை, கொங்குநாட்டு மரியாதை, ஆனால் காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் "பாப்பா எங்கீங்க?" என்று தெரியாததுபோலக் கேட்டார்கள், ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே, சீர் செய்யற புள்ளைய குதிரை தூக்கிட்டுப் போயிருச்சாட்ட என்றாள். வாசலில் கணவர் கிருபாசங்கர் வருகிறவர்கள்மேல் பன்னீர் தெளித்துக்கொண்டே, புள்ள பெல்ஜியத்துல இருக்குதுங்க, குதிரைப் போட்டிங்க என்று, கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சிங்காநல்லூர்ப் பட்டறையில் கரி முகத்தோடு நிற்கிற மனிதர், இன்றைக்குத்தான் இவ்வளவு சிரிக்கிறார், அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? இன்சூரன்ஸ் எல்லாம் போட்டாச்சா என்று கிளம்புகிற அன்றைக்குக் கேட்டார், போட்டாச்சுங்க என்றாள், அத்தோடு விட்டுவிட்டார், நம்பிவிட்டார்.

கை கழுவுகிற இடத்தில் கவின் பிடித்துக்கொண்டான். கேட்டுவிட்டானாம், பயணம் தொடங்கிய பிறகு இங்கிருந்து மாற்ற வழியில்லையாம், ஞாயிற்றுக்கிழமை வேறு, அங்கேயே போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு நாளைக்கு மட்டும் எடுக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கச் சொன்னான். "அதுக்கு மொதல்ல பாப்பாகிட்டச் சொல்லோணுங்கத்தை. இல்லீன்னா இன்னைக்கு ஏற வேண்டாம்னு சொல்லிருங்க. நான் வேணும்னா பேசட்டுங்களா?" வேண்டாம் கண்ணு, நானே பேசிக்கறேன் என்றாள். அவன் நகரவில்லை. "தப்பு என்மேலதானுங்க. நான் இன்னொருக்கா கேட்டிருக்கோணும்." இருபத்தைந்து வயசுப் பையன், கண்ணெல்லாம் கலங்கியிருக்கிறது, இவனுக்கு என்ன தப்பு, விளக்கைக் காட்டி வாயை அடைத்தது யார்... கிளம்புகிறதற்கு முந்தினநாள் இளவேனிலும் கேட்டாளே, ஆபீஸிலிருந்து மெசேஜ், ஜம்பிங் கவர் ஆகுதான்னு கவின்கிட்டக் கேட்டீங்களாம்மா என்று தெளிவாக, சுற்றி வளைக்காமல். இவள் என்ன பதில் போட்டாள்? எல்லாம் நல்லபடியா ஆகும் கண்ணு, அப்புறம் இரண்டு கை கூப்பல். அதைப் பார்த்து அவள் என்ன புரிந்துகொண்டிருப்பாள், ஆகும் என்றுதான்.

சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் எப்போது சொல்வது, ஏறப் போகிற நேரத்திலா? நிஜாம் அன்றைக்கு லாயத்தில் சொன்னது மறக்கவில்லை, நம்ம மனசுல இருக்கறது கடிவாள வார் வழியா குதிரைக்குப் போயிருமுங்கம்மா, நாம ஒரு நொடி யோசிச்சா அது நின்னுபோகும், அது நின்னா நாம முன்னால போயிருவோம். முன்னால் போயிருவோம் என்றார், பாவம், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் அந்த வார்த்தையைத் தவிர்த்துவிட்டார். அப்படியென்றால் சொன்னால் அவள் யோசிப்பாள், யோசித்தால் குதிரை நிற்கும், நின்றால்... மறுபடியும் என் வாயாலா? சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காமல் இறங்கி வரலாம், இத்தனை நாள் வந்தாளே, சிரித்துக்கொண்டு வந்து கோப்பையைக் காட்டுவாள், பிறகு நிதானமாக, ஊருக்கு வந்த பிறகு, ஒரு வேடிக்கைபோல... வந்தால். இதென்ன வந்தால்? சீ. இவள் வேண்டாம் என்றால் இளவேனில் ஏற மாட்டாள், அது தெரியும், பேசாமல் இறங்கிவிடுவாள், ஒரு வருஷ லீவைச் சேர்த்து வைத்து, அண்ணன் கல்யாணத்தை விட்டுவிட்டு, தன் சம்பளத்தில் போனவள், சரிங்கம்மா என்று ஒரு வார்த்தையில் இறங்கிவிடுவாள், அப்புறம் ஆயுசுக்கும் அதைப் பற்றிப் பேச மாட்டாள். எங்கள் வீட்டில் பேச மாட்டோம், அதுதானே எங்களுக்குத் தெரிந்தது.

கூப்பிட்டாள். மணமகள் அறைக்குப் பக்கத்து நடையில், நாதஸ்வரம் கொஞ்சம் அமுங்கிக் கேட்கிற இடத்தில் நின்று, வீடியோவில். உடனே எடுத்தாள். பின்னால் பச்சைப் புல், வெள்ளை வேலி, நல்ல வெயில், ஆவணி மாசத்திலும் அவர்களுக்கு மதியம் இப்படித்தான் இருக்குமோ. "அம்மா! இணைச்சீர் ஆச்சுங்களா? லோகு என்ன சேலை கட்டியிருக்கறா?" மாம்பழ மஞ்சள் கண்ணு, என்றாள். காற்றில் முடி வந்து அவள் முகத்தில் விழுந்தது, ஒதுக்கவில்லை, அப்படியே பேசினாள், நிஜாம் சார் குதிரையைக் கூட்டிட்டு வரப் போயிருக்காரும்மா, இன்னும் நாலு பேரு, அதுக்கப்புறம் நானு. திரையின் ஓரத்திலிருந்து நீலச் சாயம் பூசிய நகங்களோடு யாரோ ஒரு பெண்ணின் கை நீண்டு வந்து அவள் தாடைக்குக் கீழே தொப்பி வாரை மாட்டிவிட்டது, தேங்க்ஸ் என்றாள், பரவாயில்லை, நல்ல சிநேகிதம் கிடைத்திருக்கிறது என்று நினைத்தாள் மோகனப்பிரியா. சொல், இப்போது சொல், கண்ணு அந்தப் பாலிசி இருக்குதல்ல... வாயைத் திறந்தாள். "கண்ணு..." "சொல்லுங்கம்மா." அந்த நேரத்தில் யாரோ ஒரு பாட்டியம்மா மஞ்சள் தட்டோடு நடையில் வந்தாள், தட்டில் தேங்காய், பூ, வெற்றிலை, மங்கலப் பொருளுக்கு முன்னால்... "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "சாப்ட்டேம்மா" என்றாள் இளவேனில். கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னாள். "எல்லாம் நல்லா இருக்குதல்ல?" "எல்லாம் நல்லா இருக்குதும்மா. போயிட்டு வாரேன்." திரை அணைந்தது.

மேடையில் புகை. லோகப்பிரியா மாப்பிள்ளை பக்கத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள், இரண்டு கைகளிலும் அரிசிக் கூடையைப் பிடித்திருந்தாள், இறக்கி வைக்கக்கூடாது. அவளுக்குப் பின்னால் குனிந்து வள்ளியாத்தாள் ஆரத்தை மாட்டிக்கொண்டிருந்தாள், கொக்கி சிக்கவில்லை, "கை சும்மா இருந்தா நீயே மாட்டிக்குவ, இப்ப நான் மாட்டோணும், ஆடாத இரு அம்மணி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மோகனப்பிரியாவும் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பாதியில் சிரிப்பு நின்றது. கை சும்மா இருந்தால்... இளவேனில் போனை எந்தக் கையில் பிடித்திருந்தாள்? இடது கை, அந்தத் தோள்தான் திரையில் நீண்டு தெரிந்தது. இடது கையில் பிடித்திருந்தால் முடியை ஒதுக்க வலது கை இருக்கிறதே, சின்ன வயசிலிருந்து பேசப் பேச முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளுகிறவள், திட்டினாலும் விட மாட்டாள், வாயில் விழுந்த முடியோடு பேசினாளே. தொப்பி வாரை ஏன் இன்னொருத்தி மாட்டினாள்? லாயத்தில் நிஜாம் யாருக்கும் மாட்டிவிட மாட்டார், தன் தொப்பியைத் தானே மாட்டினால்தான் ஏற விடுவார், இளவேனிலே பெருமையாகச் சொன்னது. அந்த வலது கை எங்கே இருந்தது? திரைக்குள் ஒரு தடவைகூட வரவில்லை. சாப்ட்டேம்மா... அந்தக் குரல் யாருடையது, எங்கேயோ கேட்ட குரல், எல்லாம் போட்டாச்சுங்க என்று கணவரிடம் சொன்னாளே, அதே குரல், பாத்தேன் கண்ணு என்று லாயத்தில் சொன்னாளே, அதே குரல். என் பயத்தைத்தான் அவளுக்குத் தராமல் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பயத்தைத் தரவில்லை, மறைக்கிறதை மட்டும் அப்படியே கொடுத்துவிட்டேன், ஒரு சொட்டுக் குறையாமல்.

தட்டைப் பக்கத்தில் நின்றவள் கையில் கொடுத்தாள். எங்க போற மோகனா, ஆரத்தி எடுக்கோணும் என்று வள்ளியாத்தாள் கூப்பிட்டது கேட்டது, இதோ வாரேனுங்க அக்கா என்றுகூடச் சொல்லவில்லை, இறங்கி நடந்தாள், நாற்காலி வரிசைகளைத் தாண்டி, கணவர் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தார், நிற்கவில்லை, சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குப் பின்பக்கம், நாளைக்கான பூசணிக்காய்களைக் குவித்து நறுக்கிக்கொண்டிருந்த இடம். எத்தனை பேர் போயிருப்பார்கள், நாலு பேர் என்றாளே, ஒருத்தருக்கு எவ்வளவு நேரம் ஆகும், தெரியாது, ஒருதரம்கூட முழுசாகப் பார்த்ததில்லையே. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு கண்ணு, எடு. இன்சூரன்ஸ் கிடக்கட்டும், அதையும் சொல்கிறேன், சுற்றிப் பார்க்கப் போகிறாள் என்று நான் சொன்னதையும் சொல்கிறேன், முதலில் இது. எடுத்தாள். இந்தத் தடவை முகம் இல்லை, குரல் மட்டும், பக்கத்தில் ஒரு குதிரை மூச்சு விடுகிற சத்தம், ஒலிபெருக்கியில் புரியாத பாஷையில் ஒரு பெயர். "அம்மா, என்னாச்சுங்கம்மா, கூப்புடறாங்க..."

"கண்ணு, உழுந்துட்டியா?"

சத்தமாகத்தான் வந்தது. பூசணி நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள், கல்யாண வீட்டில் என்ன பேச்சு இது என்கிற பார்வை. மோகனப்பிரியா அவர்களைப் பார்த்தபடியே நின்றாள். மகள் பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட அவளிடம் கேட்டிராத கேள்வி, கேட்டபிறகும் மண்டபம் அப்படியேதான் இருந்தது, நாதஸ்வரம் நிற்கவில்லை. அந்தப் பக்கம் குதிரையின் மூச்சு மட்டும் கேட்டது, நீளமாக, நிதானமாக. பிறகு இளவேனில், சின்னக் குழந்தை மாதிரி, மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"யாருங்கம்மா சொன்னாங்க?"